வாகை சூடியவள் நீதான், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

பின்கட்டு வாகை மரத்தை வெட்டுவதற்குச் சம்மதித்து நேற்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டு விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான்; இதைப் பலரும் படிப்பார்கள் என்பதால் அதற்கு மேல் இங்கே எழுதவில்லை. உன்னிடம் நான் சொல்ல வேண்டியது அந்த ஒரு சொல்லைப் பற்றி.

பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்றில், "வாகை சூடினான் என்றாயே, வாகை என்றால் என்ன?" என்று நடுவர் கேட்டார். வென்றவர்கள் அணியும் பூ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாள் இரவு, உதிர்ந்து கிடந்த ஒரு பூவை நீ விளக்கருகே பிடித்துக் காட்டியிருந்தாய். இதழ்கள் கண்ணில் படாமல், வெளிறிய மஞ்சள் இழைகளே குஞ்சம் போல விரிந்திருந்தன. சங்கப் புலவர் அதை மயிலின் கொண்டைக்கு ஒப்பிட்டதை நீ சொன்னாய். அதையும், அதற்குப் பின் நீ சொன்னவற்றையும் மேடையில் அப்படியே ஒப்பித்தேன்.

வெற்றி, வென்றி என்னும் சொற்கள் 'வெல்' என்பதிலிருந்து பிறந்தவை. அவற்றுக்குத் தோற்கும் ஒருவர் தேவை. வாகையோ மரத்தின் பெயர். பகையரசனைக் கொன்று ஆரவாரிப்பதை, இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை வாகை என்னும் வெற்றித் திணைக்கு இலக்கணமாகச் சொல்லும். ஆனால் அதற்கு முந்திய தொல்காப்பியம், "தாவில் கொள்கைத் தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்" என்கிறது. குற்றமற்ற கொள்கையோடு அவரவர் தமக்குரியதில் மேம்படுவதே வாகை என்பதால், அரசனோடு அறிவனும் தவம் செய்வோரும் அத்திணையில் இடம் பெறுகிறார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அது யார் சொல்லித் தந்தது என்று நான் சொல்லவில்லை.

மன்னித்துவிடு. ஆனால் அன்று வீட்டில் ஒருவருக்குத்தான் பேருந்துச் செலவுக்குப் பணம் இருந்தது, "தம்பி போகட்டும்" என்றவள் நீயேதான், நான் உன்னைத் தடுக்கவில்லை. கோப்பையைக் கண்டதும் நீ சிரித்தாயே தவிர, "அது என் பேச்சு" என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. ஒருமுறை சண்டை போட்டிருந்தால் கடன் தீர்ந்திருக்கும். உன் பொறுமையால் என்னை இத்தனை ஆண்டுகள் கடன்காரனாகவே வைத்திருந்தாய்; அதில் எனக்கு உன்மேல் கோபம் உண்டு. அடுத்த ஆண்டு உன் படிப்பு நின்றதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

நீ சொன்னவற்றில் இரண்டை மட்டும் மேடையில் விட்டுவிட்டேன். "வாகை தானே பாலையது புறனே" என்பது ஒன்று. வென்றவனின் திணைக்கு, காதலைப் பாடும் அகத்தில் இணையாக நிற்பது பாலை என்னும் பிரிவின் திணை. மற்றொன்று, நன்னன் என்னும் குறுநில மன்னனின் காவல் மரமும் வாகைதான் என்பது. சேர மன்னன் நார்முடிச் சேரல் அதை வெட்டி வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. வென்றவன் தலையில் சூடும் பூவின் மரத்தையே தோற்றவன் வேரோடு இழந்தான் என்று சொன்னால், பரிசு கிடைக்காதோ என்று பயந்தேன்.

நேற்று மாலை காற்றில் நெற்றுகள் கலகலத்தன. கயிற்றில் ஆடும் கூத்தருக்குக் கொட்டும் பறையைப் போல வாகை நெற்று ஒலிக்கும் என்று குறுந்தொகை சொல்வதை நீ எனக்குப் படித்துக் காட்டியதும் அந்த மரத்தடியில்தான். விதை முற்றிய நெற்றுகளாகப் பார்த்து ஒரு பை நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கோப்பையையும் அதோடு கொண்டு வருகிறேன். உன் வீட்டுப் பக்கம் மரம் வைக்க இடம் இருக்கிறதா என்று எழுது.

உன் தம்பி