தம்பிக்கு, தான்சானியா அரூஷாவுல இருந்து

தம்பி,

நல்லா இருக்கியா. இங்க சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஒர்க்‌ஷாப் முழுக்க தூசி, நாளுக்கு நாலு லேண்ட் க்ரூஸராவது ஸ்ப்ரிங் பட்டை உடைஞ்சு வருது. அம்மா வச்ச முருங்கை இந்த வருஷமும் காய்ச்சிருக்கு.

ஆகஸ்ட்ல நீங்க மூணு பேரும் வர்றதா தெரிஞ்சுது. என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் இப்ப நீங்க பதிவு பண்ணின சஃபாரி கம்பெனியில டிரைவரா இருக்கான், லிஸ்ட்ல உன் பேரைப் பாத்துட்டு "ஃபுண்டி (இங்க மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவாங்க), இது உங்க மகன் தானே"ன்னு கேட்டான். ஆமா, முன்னாடியே சொல்லிட்டான்னு சொல்லிட்டேன். லிஸ்ட்ல பாப்பாவுக்கு வயசு 4ன்னு போட்டிருக்கு. 5 வயசுக்குள்ள இருந்தா பார்க் பீஸ் கிடையாது, அவங்க சேத்து வாங்கியிருந்தா கேட்டு திருப்பி வாங்கிடு.

ப்ளானையும் காட்டினான். ஏர்போர்ட்ல இறங்கி நேரா தரங்கிரே பார்க், அப்புறம் ங்கோரோங்கோரோ க்ரேட்டர், செரெங்கெட்டி நாலு நாள், அதோட வடக்குல இருக்கற கொகடெண்டேல இருந்து சின்ன ப்ளைட்டு பிடிச்சு சான்சிபார் தீவு. நல்ல ப்ளான் தான். அரூஷாவுல தங்கல் இல்ல. சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு ஒரு நாள் கூட அலையாம இருக்கறதும் சரிதான்.

நீலம், கறுப்பு டிரெஸ் எடுத்துட்டு வராதீங்க. தரங்கிரேயில செட்சி ஈ ஜாஸ்தி, அந்த ரெண்டு கலரைக் கண்டா தேடி வரும், ஜீன்ஸ் மேலயே கடிக்கும். பாப்பாவுக்கு காக்கி இல்லன்னா வெளிர் கலர்ல முழுக்கை சட்டையா எடு. பிளாஸ்டிக் கவர் எதுவும் பெட்டியில வைக்காதே, 2019 ஜூன்ல இருந்து நாட்டுக்குள்ளயே தடை, ஏர்போர்ட்லயே எடுத்துருவாங்க. நீ இங்கிருந்து போனப்ப அந்தச் சட்டம் இல்ல, அதான் சொல்றேன். க்ரேட்டர்ங்கறது பழைய எரிமலைப் பள்ளம், அதோட விளிம்பு 2300 மீட்டர் உயரம், ஆகஸ்ட் காலையில பனி மூட்டத்துல வெடவெடன்னு நடுங்கும், பாப்பாவுக்கு ஸ்வெட்டர், குல்லா ரெண்டும் வேணும். கீழ 600 மீட்டர் இறங்கணும், டிரைவர் லோ கியர்ல இறக்கறானா பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வர்றானான்னு கவனி. நீ சத்தத்தை வச்சே சொல்லிருவே, பத்து வயசுல ஒர்க்‌ஷாப் வாசல்ல உக்காந்துக்கிட்டு எந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் போயிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு சொன்னவன் நீ, வந்த டிரைவருங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. க்ரேட்டருக்குள்ள நீர்யானைக் குளத்துப் பக்கம் சாப்பிட நிறுத்துவாங்க, அங்க பாப்பா கையில சாப்பாட்டைக் குடுத்து வெளிய விடாதே, பருந்து மூஞ்சிக்கிட்ட வந்து தட்டிக்கிட்டுப் போகும். வண்டிக்குள்ளயே ஊட்டு.

கொகடெண்டேல மாரா ஆத்தை வில்டபீஸ்ட், அதான் மாடு மாதிரி இருக்கற மான் கூட்டம், தாண்டறதைப் பாக்கத்தான் வர்றீங்க. மணிக்கணக்குல கரையில நின்னுட்டு தாண்டாமலே திரும்பிப் போறதும் உண்டு. டிரைவரை கிட்ட போ கிட்ட போன்னு அவசரப்படுத்தாதீங்க, வண்டிங்க கரையை அடைச்சா மந்தை மிரண்டுரும், பாவம் அதுங்க புல்லு தேடி அவ்வளவு தூரம் நடந்து வருதுங்க.

28 வருஷமா இந்த ஊர்ல சஃபாரி வண்டி பாக்கறவன் பெத்த பிள்ளை நீ, இன்னொருத்தன் கம்பெனியில காசு கட்டி வர்றே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நல்ல வண்டியா பாத்து செக் பண்ணி அனுப்பியிருப்பேனே. சரி விடு, உன் சம்பாத்தியம், உன் இஷ்டம். இவ்வளவு செலவு பண்ணி குடும்பத்தைக் கூட்டிட்டு வர்ற அளவுக்கு வந்துட்டேன்னு ஒர்க்‌ஷாப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

செரெங்கெட்டிக்குப் போறப்ப க்ரேட்டர் விளிம்பு ரோட்டுல ஒரு கல் கோபுரம் இருக்கும், சின்ன வயசுல நீ அது என்னன்னு கேட்டே, ஏதோ வெள்ளைக்காரன் கல்லறைன்னு சொல்லி வண்டியை நிறுத்தாம வந்தேன். அது க்ஷிமெக் அப்பா மகன் ரெண்டு பேரோடது. ரெண்டு பேரும் ஜெர்மனிக்காரங்க, வரிக்குதிரை கோடு போட்ட ப்ளேன்ல பறந்து செரெங்கெட்டி மிருகங்களை எண்ணினாங்க. 1959 ஜனவரியில கழுகு மோதி ப்ளேன் விழுந்து மகன் மிகாயேல் செத்துட்டான், 24 வயசு. அப்பா அதுக்கப்புறமும் 28 வருஷம் இருந்தாரு, 1987ல அவரையும் மகன் பக்கத்துலயே வச்சாங்க. அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், 2006க்கு அப்புறம் அந்தக் கல்லை நிமிர்ந்து பாத்ததில்ல.

2006 பத்தி நீ ஒரே ஒரு தடவை கேட்டே. ரேடியோல சேதி எத்தனை மணிக்கு வந்துச்சுப்பான்னு. நாலு மணிக்குன்னு சொன்னேன். ஆறு மணிக்கு ங்கோரோங்கோரோ வாசல்ல இருக்கற லோடுவாரே கேட்டை மூடிருவாங்க, அதான் அன்னிக்கு கிளம்ப முடியலன்னு சொன்னேன். நீ அதுக்கு மேல கேக்கல.

ரேடியோல சேதி வந்தது பதினொன்னரைக்கு. நான் செரெங்கெட்டி நடுவுல செரோனேரால ஒரு வண்டிக்கு அடியில படுத்து மெயின் பட்டையைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். அப்பவே கிளம்பியிருந்தா அஞ்சு மணிக்குள்ள லோடுவாரே கேட்டைத் தாண்டி ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். வேற வண்டியும் இருந்துச்சு, டிரைவர் வாங்க போலாம்னு சாவியை வச்சுக்கிட்டு நின்னான். கெஸ்ட் காத்திருக்காங்க, இந்த வேலையை முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னேன். எந்த கெஸ்ட்டும் காத்திருக்கலப்பா, அவங்க வேற வண்டியில போயிட்டாங்க. உங்கம்மாவை அந்த நிலைமையில பாக்கற தைரியம் எனக்கு இல்ல. அந்தப் பட்டையை மூணு தடவை கழட்டி மூணு தடவை மாட்டினேன். நீ பதினேழு வயசுல தனியா அந்த வராண்டாவுல உக்காந்திருந்தே. விடிகாலை அவ போறப்ப நீ தான் பக்கத்துல இருந்தே. நான் கேட் மேல பழியைப் போட்டுட்டேன்.

இதை உனக்கு அப்பவே தெரியும்னு தான் நினைக்கிறேன். அந்த டிரைவர் காரியத்துக்கு வந்திருந்தான், உன்கூட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தான்.

லிஸ்ட்படி 12ஆம் தேதி மத்தியானம் உங்க வண்டி லோடுவாரேக்கு வரணும். பெர்மிட் பேப்பர் முடிய அரை மணியாவது ஆகும், டிரைவர் மட்டும் இறங்கி ஆபீஸுக்குப் போவான். நான் காலையிலயே வந்து அங்க இருப்பேன். உன்னை இறங்கச் சொல்லல. அங்க பபூன் தொல்லை உண்டு, பையைத் தூக்கிட்டு ஓடிரும், கண்ணாடியை ஏத்தியே வைங்க. பாப்பாவை மட்டும் ஜன்னல் பக்கமா உக்கார வை. நீல டிரெஸ் வேண்டாம்.

அப்பா