வான் பாய முன்னம்

ஸ்காபரோ, கனடா,
புரட்டாதி.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா என்று முதலில் எழுது. போனில் கேட்டால் அவ எப்பவும் "ஒண்டுமில்லை பிள்ளை" என்றுதான் சொல்லுவா.

சித்தப்பாவின் மகன் அடுத்த கிழமை ஊருக்கு வருகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஆர்ட்டீமியா முட்டைப் பைக்கற் இரண்டையும் கொடுத்துவிடுகிறேன். ஆர்ட்டீமியா என்பது மீன் குஞ்சுக்குத் தீனியாகிற, உப்புத்தண்ணியில் வாழும் பொடி இறால் மாதிரியான சீவன். முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் பாதி சொல்ல லைன் விழுந்துவிடுகிறது.

நீ காணாத என் வீட்டைச் சொல்லவேண்டும். நிலத்துக்குக் கீழே இருக்கிற வீடு, பேஸ்மன்ற் என்பார்கள். ஒரேயொரு யன்னல், அதுவும் வெளியே புல் முளைக்கிற மட்டத்தில். தை, மாசியில் பனி அந்த யன்னலை மூடிவிடும். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, இரண்டு பஸ் மாறிக் காலை ஏழரைக்கு வந்தால் இவர் வேலைக்குப் போயிருப்பார், மகன் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டிருப்பான். வந்த முதல் இரண்டு வருஷமும் அந்த நேரத்தில் கதைக்க எனக்கு ஒரு சீவன் இல்லை. கோழி இல்லை, ஆடு இல்லை, வேலிக்கு அங்கால் நின்று கூப்பிட ஒருத்தரும் இல்லை. அப்படியிருக்க ஒருநாள் மகன் ஆறு கோரி மீனைப் பையில் கொண்டுவந்தான்.

கோரிடோராஸ் என்பது முழுப்பெயர். தென் அமெரிக்க ஆறுகளில் உள்ள கெளுத்திச் சாதி. பார்த்தால் நம்முடைய சுங்கானுக்குக் குட்டித் தங்கச்சி மாதிரி. நல்லாய் வளர்ந்த பெண்மீனே ஆறேழு சென்ரிமீற்றர்தான். செதில் இல்லை, விலாவில் ஓடு வேய்ந்ததுபோல இரண்டு வரிசை எலும்புத் தகடு. மீசையால் மண்ணைத் துழாவிக்கொண்டே திரியும். இடைக்கிடை மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே வரும்; குடலாலும் மூச்செடுக்கிற மீன். முதல்நாள் அதைக் கண்டு சாகப்போகுதோ என்று பயந்துபோனேன். பிறகுதான் சேற்றுக்குள் கிடந்தும் காற்றைக் குடித்து உயிர் தப்பும் நம்முடைய பனையேறி நினைவுக்கு வந்தது.

இதில் மிளகுப் புள்ளி போட்ட ஒரு வகை உண்டு. டார்வின் பீகிள் கப்பலில் போனபோது பிடித்துக் கொண்டுவந்த மீன் அது. 1842 இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். எங்களிடம் இருப்பது வெண்கல நிறக் கோரி. மேலேயிருந்து பார்த்தால் வயிறு அகன்றது பெண், ஒடுங்கினது ஆண். எங்களுக்கு இரண்டு பெண், நாலு ஆண் வாய்த்தது அதிர்ஷ்டம். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருந்தால் நல்லது.

ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. போன பங்குனியில் ஒரு காலை, வேலைக் களைப்பில், தண்ணி மாற்றும்போது சுடுதண்ணி கலக்கவில்லை. குளோரினை முறிக்க மருந்து விட்ட குளிர்ந்த தண்ணியை அப்படியே மெதுவாக அரைத்தொட்டி ஊற்றினேன். 26 பாகையில் இருந்தது 21 க்கு இறங்கிவிட்டது. அன்று பனிப்புயலும் வந்தது. அடுத்தநாள் காலை வந்து லைற்றைப் போட்டால் கண்ணாடி முழுக்க முட்டை, சவ்வரிசியை ஒட்டினதுபோல.

நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே இருந்துவிட்டேன். எனக்கு வவுனிக்குளம் கண்ணுக்குள் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிரம்பி வான் பாயும்போது நீயும் நானும் சாக்கோடு போய் நிற்போமே. தண்ணிக்கு எதிராகக் கெளுத்தி ஏறும், வயிறு முட்டச் சினையோடு. அப்பா அதுகளை மட்டும் பிடிக்க விடமாட்டார். "அது மழைக்கு வந்தது, விடு" என்பார். பூமியின் அந்தப் பக்கத்து மீனும் புதுத்தண்ணியின் குளிருக்குத்தான் காத்திருந்திருக்கிறது. பனிக்கு நடுவில், நிலத்துக்குக் கீழே, நான் அதுக்கு மழை பெய்யவைத்திருக்கிறேன்.

அதுக்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். ஆணின் வயிற்றடியில் பெண் வாயை வைத்து நிற்கும். அப்படியே விந்தை விழுங்கி, குடல் வழியாக விட்டு முட்டையோடு சேர்க்கிறது என்று 1995 இல் ஜப்பான் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வயிற்றுச் செட்டைகளைக் கை கூப்புவதுபோல் சேர்த்து இரண்டு மூன்று முட்டையை ஏந்திக்கொண்டு போய், கண்ணாடியை வாயால் துடைத்துவிட்டு ஒட்டும். ஒரு காலையில் 120 வரை எண்ணினேன். போட்ட கையோடு தாங்களே தின்னவும் தொடங்கும். அதனால் முட்டை சற்று இறுகினதும் விரலால் உருட்டி எடுத்து வேறு பெட்டியில் போடு. காற்றுக்கல்லை முட்டைக்குப் பக்கத்தில் வை, தண்ணி அசைந்துகொண்டிருக்க வேண்டும். வெள்ளையாய்ப் போனது கருக்கட்டாத முட்டை. அதில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்து நல்ல முட்டைக்கும் தாவும். தினமும் பொறுக்கி எறி. காய்ந்த வாதுமை இலை ஒன்று போட்டால் பூஞ்சணம் குறையும். இங்கே அந்த இலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மூன்று தொடக்கம் ஐந்து நாளில் பொரிக்கும். அரிசிக் குறுநொய் அளவில் ஒரு வால், ஒரு கரு மூட்டை. முதல் இரண்டு நாள் அந்த மூட்டையே சாப்பாடு.

முதல் ஈட்டை நான் கொன்றேன் தம்பி. குழாய்த் தண்ணியை ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று நம்பி, குஞ்சுகளுக்கு மருந்து விடாத தண்ணிதான் மென்மையென்று அதை ஊற்றினேன். ரொறன்ரோத் தண்ணியில் குளோரமீன் கலக்கிறார்கள். அது வைத்தாலும் போகாது. பின்னேரத்துக்குள் நாற்பதுக்கு மேல் போய்விட்டது. இரண்டாம் ஈட்டைச் சாப்பாட்டால் கொன்றேன். தின்னாத தூள் அடியில் வழுவழுப்பாய்ப் படிந்து, அதில் வயிறு தேய்ந்து தேய்ந்து அழுகிச் செத்தன. மகன் அழுதான். அவனுக்குத் தெரியாமல் நானும் அழுதேன்.

மூன்றாம் ஈட்டிலிருந்து இப்படிச் செய்கிறேன். அடியில் மெல்லியதாய்க் குருத்து மணல், நாலு விரற்கடைத் தண்ணி, இரண்டு நத்தை. மிச்சச் சாப்பாட்டை நத்தை தின்னும். காலையும் மாலையும் கொஞ்ச ஆர்ட்டீமியா. ஒவ்வொரு நாளும் அடியை மெல்லிய குழாயால் உறிஞ்சி, அதே சூட்டில் அரைவாசித் தண்ணி மாற்றுவேன். காய்ச்சல் வந்த நாளிலும் மாற்றினேன். 41 குஞ்சு பெரிசாகி, இங்கேயுள்ள கடைக்காரர் ஒரு குஞ்சு இரண்டு டொலர்படி எடுத்தார்.

ஆர்ட்டீமியாவுக்கு ஒரு லீற்றர் தண்ணியில் 30 கிராம் உப்பு. உனக்கு ஆனையிறவு உப்பே இருக்கு, அயடின் சேர்க்காததாய் எடு. வெளிச்சத்தில் வைத்துக் காற்று விட்டால் உங்கட சூட்டுக்கு ஒரு நாளில் பொரிக்கும். காற்றை நிறுத்தினால் கோது மிதக்கும், உயிருள்ளது வெளிச்சப் பக்கம் கூடும். குழாயால் இழுத்து, பழைய சேலைத் துண்டில் வடித்து, நல்ல தண்ணியில் அலசிக் கொடு. அரை மணித்தியாலத்தில் குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாய்த் தெரியும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே தூங்காமல் இருந்திருக்கிறேன்.

இனி உன் தொட்டி. ஒரேயடியாய் ஆறு தொட்டி கட்டாதே. முதலில் ஆறு மீன், ஒரு தொட்டி. மிளகுப் புள்ளிக் கோரி குளிர் மீன், வன்னி வெயிலுக்கு வேண்டாம். ஸ்டெர்பாய் என்ற வகை 28 பாகைவரை தாங்கும், அதை விசாரி. தொட்டிக்கு மேல் கிடுகுக் கொட்டில் போடு. புதுச் சீமெந்தின் காரம் போகக் கிழமைக் கணக்கில் தண்ணி நிரப்பி நிரப்பி இறைத்துவிடு. கிணற்றுத் தண்ணியில் குளோரின் இல்லை, அது உனக்கு என்னைவிடப் பெரிய வசதி, ஆனால் சுண்ணாம்பு கூடின கல்லுத்தண்ணி. கூரைப் பீலியில் மழைத்தண்ணி பிடித்துப் பாதிக்குப் பாதி கலந்துகொள். மீனை வலையால் அள்ளாதே, செட்டை முள் சிக்கிவிடும், கோப்பையால் எடு. கையில் குத்தினால் கெளுத்தி குத்தினதுபோல் கடுக்கும்.

இன்னொன்று. வளர்ந்து மிஞ்சினாலும், நோய் வந்தாலும், ஒரு மீனைக்கூடக் குளத்தில் விடாதே. ராங்க் கிளீனர் என்று விற்கிற மீனை விட்டு, இலங்கையில் எத்தனையோ நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. பாலியாற்றுத் தண்ணியில் இருக்கிற கெளுத்தியும் விராலும் அப்படியே இருக்கட்டும்.

முட்டைப் பைக்கற்றைக் காற்றுப் புகாமல் கட்டி, சின்னக்காவின் பிறிச்சில் வை. ஐப்பசியில் முதல் மழை பெய்து தண்ணி குளிர்கிற அன்று தொட்டியைக் காலையிலேயே போய்ப் பார். வான் பாய்ந்தால் அதையும் போனில் படம் பிடித்து அனுப்பு, சத்தத்தோடு. மகன் கேட்கவேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. சின்னவளுக்கு உடுப்பு வைத்திருக்கிறேன், அளவு சரியா என்று சொல்லு.

அன்புடன்,
அக்கா