கடத்தியும் நடத்துநரும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய். முப்பது வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால்கள், கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். இங்கே எல்லோரும் நலம்.

கடிதம் நீள்வதற்குப் பேத்திதான் காரணம். வெப்பக் கடத்தல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள், “கடத்தினால் போலீஸ் பிடிக்காதா தாத்தா?” என்றாள். செய்தித்தாளில் தங்கக் கடத்தலைத் தவிர வேறு கடத்தலை அவள் பார்த்ததில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

ஆங்கிலத்தில் நீயும் கண்டக்டர், செம்புக் கம்பியும் கண்டக்டர். லத்தீனில் ‘கொன்’ என்றால் சேர்த்து, ‘டூகெரே’ என்றால் இட்டுச் செல்வது. ரோமானியர் அதே சொல்லை வாடகைக்கு எடுப்பதற்கும் வைத்துக்கொண்டார்கள்; அவர்கள் சட்டத்தில் குத்தகைக்காரன்தான் ‘கொண்டுக்டர்’!

மின்சாரத்தின் கதை பிறகு வருகிறது. ஸ்டீபன் கிரே என்று ஒரு சாயத் தொழிலாளி. 1729இல் இங்கிலாந்தில், சணல் கயிற்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டு அதன் வழியே மின்சாரத்தை நூற்றுக்கணக்கான அடி தூரம் அனுப்பினார். ஒருமுறை பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மறுமுனைக்கு எதுவுமே வந்து சேரவில்லை. எல்லாம் கம்பி வழியாக இறங்கிப் போய்விட்டது. பட்டு மின்சாரத்தை விடாமல் வைத்திருந்தது மெல்லிசாக இருந்ததால் அல்ல, பட்டாக இருந்ததால்! சாயக்காரருக்கே பட்டு புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, பார்.

நம்மவர்கள் அந்த ஒரு சொல்லை இரண்டாக்கினார்கள். ‘நட’விலிருந்து நடத்துநர், ‘கட’விலிருந்து கடத்தி. லத்தீனுக்குப் பக்கத்தில் இருப்பது நடத்துவதுதான். ஆனாலும் என் ஓட்டு கடத்திக்கே. நேற்று கொதிக்கும் ரசத்தில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வந்து காம்பைப் பிடித்தால் விரல் சுட்டுவிட்டது. கரண்டி வைத்த இடத்தில்தான் கிடந்தது. சூடு மட்டும் அதைக் கடந்து வந்திருக்கிறது. யாரும் அதைக் கைபிடித்து நடத்தி வரவில்லை.

இதையெல்லாம் விளக்கியபின் பேத்தி கேட்கிறாள்: “அப்படியானால் சண்முகம் தாத்தா எதைக் கடத்தினார்?” பொங்கலுக்கு வந்து நீயே பதில் சொல்லிக்கொள்.

உன்,
ராமநாதன்