பாராலீகல் பயிற்சி பற்றித் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிவிட்டது. பாராலீகல், அதாவது வழக்குரைஞராக இல்லாமல் சட்ட வேலைகளில் ஈடுபடுபவருக்கான பயிற்சியில் சேரலாமா என்று நீ கேட்டிருந்ததற்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அதனால்தான் இந்தத் தாமதம். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், பதினெட்டு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தது போதும் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அதே பயிற்சிக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமலேயே நாள்கணக்கில் மேசையில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள். பாராலீகல் என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் அவர்களுக்கு உரிமம் வழங்கப்படுகிறது. சிறு தொகை வழக்குகளில் கட்சிக்காரருக்காக அவர்களே நீதிமன்றத்தில் முன்னிலையாகலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் என்ற ஏற்பாடே இல்லை. வழக்குரைஞரின் மேற்பார்வையில்தான் வேலை. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பயிற்சி பெறுபவர்களோ, எளிய மக்களைச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துச் செல்லும் தன்னார்வலர்கள். ஆகவே நீ வேலை பார்க்கப்போகும் இடத்தில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டு. நான் முதலில் விசாரித்த ஒரு நிறுவனம் ‘சில வாரங்களில் சான்றிதழ், கையோடு வேலை’ என்றது. பாடத்திட்டத்தைக் கேட்டேன், கடைசிவரை அவர்கள் தரவில்லை.

நான் சேர்ந்த இடத்தில் முதல் மாதம் நீதிமன்றங்களின் படிநிலை, மனு, அதற்கு எதிர்த்தரப்பு தரும் பதிலான எதிருரை, உறுதிமொழியுடன் எழுதித் தரும் பிரமாண வாக்குமூலம் என்று போனது. அவையெல்லாம் படித்தால் வந்துவிடும். இரண்டாம் மாதத்தில்தான் பாடம் தொடங்கியது என்பேன். ஆசிரியை ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பயிற்சிக்காகத் தயாரித்த ஓர் ஒப்பந்த வழக்கின் தாள்கள், நூற்று நாற்பது, ஒழுங்கில்லாமல் கிடந்தன. தேதிவாரியாக நிகழ்வுகளைத் தொகுத்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே அதற்கு ஆதாரமான தாளின் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு கடிதத்தின் தலையில் 03/04 என்று இருந்தது. நான் யோசிக்காமல் ஏப்ரல் 3 என்று எழுதிவிட்டேன். மாதத்தை முன்னால் எழுதும் வழக்கமுள்ளவர் எழுதியிருந்தால் அது மார்ச் 4 அல்லவா? மார்ச் 4 என்றால் எச்சரிக்கைக் கடிதம் ஒப்பந்தம் முறிவதற்கு முன்பே போயிருக்கிறது; ஏப்ரல் 3 என்றால் எல்லாம் முடிந்த பிறகுதான் போயிருக்கிறது. வழக்கே அந்த இரண்டு எண்களில் நின்றது. கடிதத்தின் உறை வேறொரு கட்டில், ரசீதுகளுக்கு இடையே கிடந்தது. அதன் அஞ்சல் முத்திரையில் மார்ச் என்று தெளிவாக இருந்தது. ஊகிக்காதீர்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள் என்று மட்டும் ஆசிரியை சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நாள் எண்ணுவதும் அப்படித்தான். பொதுவாக நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாளில் தாக்கல் செய்ய இடமுண்டு. ஆனால் எந்த விதி எந்த வழக்குக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வொரு முறையும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். காலவரையறை தவறினால் நியாயம் முழுவதும் நம் பக்கம் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

இதையெல்லாம்விடக் கடினமானது வாயை அடக்குவது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கட்சிக்காரர் தொலைபேசியில், “அவர்கள் சமாதானத்துக்கு வருகிறார்கள் அம்மா, ஒத்துக்கொள்ளட்டுமா?” என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். அவருடைய வழக்குத் தாள்களை முழுவதும் படித்தவள் நான். ஒரு பதிலும் மனதில் இருந்தது. வாய்தா எந்தத் தேதி, என்ன ஆவணம் வேண்டும் என்று நான் சொல்லலாம். அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடாது, அது வழக்குரைஞரின் பொறுப்பு. “இன்று மாலைக்குள் ஐயாவை உங்களிடம் பேசச் சொல்கிறேன்” என்று சொல்லி, அவர் கேட்டதை அப்படியே குறித்து வைத்தேன். நான் அறியாத ஒரு பின்னணி அந்த வழக்கில் இருந்தது மாலையில்தான் தெரிந்தது. உதவும் குணமுள்ளவளான உனக்கு இந்த இடம் நிச்சயம் வலிக்கும், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கணினியே எல்லாம் செய்துவிடும் என்கிறார்களே என்று கேட்டிருந்தாய். 2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி கற்பனையாக உருவாக்கிய பழைய தீர்ப்புகளை வழக்குரைஞர்கள் சரிபார்க்காமல் தாக்கல் செய்துவிட, நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. மேற்கோள் காட்டிய தீர்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா, சொன்னதைத்தான் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் எங்களைப் பழக்கினார்கள். அந்தத் தேவை குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ரசீதும் பேரேடும் ஒரு பைசா பிசகினாலும் விடாமல் தேடுகிறவள் நீ. ஆங்காங்கே சட்டச் சொற்கள் புதிதாக இருக்குமே தவிர, வேலை உனக்குப் புதிதாக இராது. அந்தப் பயிற்சிப் பெட்டி போன்ற ஒன்றை நானே சிறிய அளவில், முப்பது தாள்களில், தயாரித்து இந்த வாரம் அனுப்புகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேதிவாரியாகத் தொகுத்துப் பார். பாதியில் எழுந்து போகத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுது. விளக்குப் போட வேண்டிய நேரம் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாய் என்றால், மறுநாளே விண்ணப்பத்தை நிரப்பு.

என்றும் அன்புடன்,
உன் தோழி