ஃபைபர் படகு கட்டும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு மடல்

பட்டறை உரிமையாளர்களுக்கும் அச்சு செய்யும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் சோழமண்டலக் கரை முழுக்க ஃபைபர் படகு நிறைந்துவிட்டது. ஓர் அச்சு இருந்தால் நூறு படகு எடுக்கலாம். அந்த அச்சில் உள்ள குறையும் நூறு படகோடும் கடலுக்கு வருகிறது.

வாடைக்காற்றில் எதிரலை ஏறி இறங்கும்போது அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், அடிப்பாகம் தட்டென்று தண்ணீரில் அறைகிறது. அது நேரே எங்கள் முதுகெலும்பில் இறங்குகிறது. தட்டையான அடியில் தண்ணீர் ஒரே நேரத்தில் மோதும். இருபுறமும் சரிந்த அடி அலையைக் கிழித்துக்கொண்டு மெல்ல இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. துடுப்புக்கும் பாய்க்கும் போதுமாயிருந்த அடிப்பாகம், இன்ஜினுக்குப் போதாது.

1960-இல் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு நடந்த பந்தயத்தில், அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வடிவமைத்த படகு கொந்தளித்த கடலில் முந்தி வந்தது. அதன் அடி பின்முனை வரைக்கும் சுமார் 24 பாகை சரிவு. அதை அப்படியே நான் கேட்கவில்லை. அந்த வடிவத்துக்குக் குதிரைத்திறன் அதிகம் வேண்டும், வலை இழுக்கும்போது ஆடும், மணலில் ஏற்றினால் சாய்ந்து கிடக்கும். கரையேற்றும் நமக்குப் பின்பாதி தட்டையாகத்தான் இருக்க வேண்டும். முன்பாதியை மட்டும் கூர்மையாக்கி, போகப்போகத் தட்டையாக்குங்கள்.

அடுத்தது தண்ணீர் அடிப்பது. படகு கிழிக்கும் தண்ணீர் பக்கச் சுவரோடு ஒட்டியே மேலே ஏறுகிறது. பக்கக் காற்று அதை அள்ளி எங்கள் முகத்தில் வீசுகிறது. உப்பு எரியும் கண்ணோடு இருட்டில் வலை மிதவையைத் தேடுவது எவ்வளவு ஆபத்து! அடியும் பக்கமும் சேரும் விளிம்பு கூராக இருந்தால் தண்ணீர் அங்கேயே பிய்ந்து வெளியே போய்விடும். கூர்மூலையில் கண்ணாடியிழை படியாது, காற்றுக்குமிழி நிற்கும் என்பீர்கள். நியாயம்தான். அப்படியென்றால் படகை அச்சிலிருந்து எடுத்த பிறகு, அணியத்திலிருந்து நடுப்பகுதி வரை இருபுறமும் ஒரு பட்டையை ஒட்டுங்கள். அதன் வெளிவிளிம்பை மட்டும் உருட்டிவிடாதீர்கள். உருண்டால் தண்ணீர் அதையும் தொற்றி ஏறும்.

அடுத்த அச்சுக்கு முன் ஒரே ஒரு படகில் இதைச் செய்து, ஐப்பசியில் கொண்டு வாருங்கள். வெறும் படகாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஐஸ் பெட்டி, வலை, நான்கு ஆள் ஏற்றுவோம். அணியத்தில் நீங்கள் உட்காருங்கள், இன்ஜினை நான் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
நாகைக் கரை மீனவன்