பத்து கிலோ மண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நைனாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை. போனில் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எடுத்ததும் "சாப்டியா"வில் ஆரம்பித்து "சரி, வச்சிடறேன்"னில் முடிந்துவிடுகிறது. அதான் உன் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பத்து கிலோ மண் கொரியரில் அனுப்பச் சொன்னாய். "உன் ஊர் உன் வேலையில தெரியணும், உன்னோட மீடியம், அதாவது நீ வேலை செய்யற பொருள், எதுன்னு தேடு" என்று பரோடா ஆர்ட் காலேஜில் உங்கள் சார் சொன்னாராம். நைனா கேட்டுவிட்டு, "ஏன், பரோடாவுல மண்ணே கிடையாதா? கொரியர் காசுக்கு அங்கேயே ரெண்டு மூட்டை வாங்கலாமே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம மண் கொசப்பேட்டை மண் இல்லை. குயவர்கள் இருந்ததால் வந்த பேர், அவ்வளவுதான். இன்றைக்கு இந்தத் தெருவைத் தோண்டினால் கார்ப்பரேஷன் குழாயும் கேரி பேக்கும்தான் வரும். மண் லாரியில் வருகிறது, செங்குன்றம் தாண்டி ஏதாவது ஓர் ஏரியிலிருந்து. அங்கே அள்ள அனுமதி கிடைக்காத வருஷம் வேறோர் ஏரி. லோடுக்கு லோடு குணம் மாறும். போன வருஷத்து மண் நல்ல பசை, திரித்து விரலில் சுற்றினால் மோதிரம் மாதிரி நிற்கும். இந்த வருஷத்து மண்ணில் மணல் ஜாஸ்தி, வளைத்தால் விண்டு போகிறது. ஆடி பிறந்தாச்சு, பிள்ளையார் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது, நான் இந்த மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். இதை எப்படி நம்ம ஊர் என்று மூட்டை கட்டி அனுப்புவது?

நம்ம தெருவிலேயே இன்றைக்கு எத்தனை பேர் மண்ணில் கை வைக்கிறார்கள் சொல்லு. பெரிய பிள்ளையார் எல்லாம் காகிதக்கூழும் மரவள்ளிக்கிழங்கு மாவும். நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் ராஜா மாதிரி இருந்தது. தண்ணீரில் கரையாது என்று 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிலைக்கு அதை வேண்டாம் என்று விதி போட்டது. உடனே கூழுக்கு மாறினார்கள். ஆசையில் மாறவில்லை பாப்பா. மீடியம் தேடி யாரும் அலையவும் இல்லை. எது மலிவு, எது லேசு, எதைப் போலீஸ் பிடிக்காது என்றுதான் பார்த்தார்கள். அப்புறம் கை அதற்குப் பழகிவிட்டது. கூழ் பிள்ளையாருக்கு மூக்கு மடிப்பு கூர்மையாக வராது. அதனால் இப்போது எல்லாப் பிள்ளையாரும் கொஞ்சம் கொழுகொழு என்று குழந்தை முகமாக இருக்கிறார்கள். ஜனங்களும் அதுதான் அழகு என்கிறார்கள்.

மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம். நீ வியாசர்பாடியில் மாமா வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டாய், அதனால் நம்ம ஷெட்டை நீ பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் குடில் செட் முழுக்க அடுக்கி வைத்திருந்தோம். மேய்ப்பர், ஆடு, ஒட்டகம், மூன்று ராஜா. பட்டாளம் பக்கமிருந்து வந்த தண்ணீர் மூன்று நாள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். காகிதக்கூழ் ஒட்டகம் எல்லாம் டீயில் விழுந்த பன் மாதிரி உப்பிக் கிடந்தது, நாற்றம் வேறு. பிளாஸ்டர் அச்சுகளில் ஓரம் மழுங்கிவிட்டது, அந்த அச்சில் இனி முகம் எடுக்க முடியாது. சுட்ட பொம்மைக்குச் சாயம்தான் போயிருந்தது, உடம்பு அப்படியே. சுடாத மேய்ப்பர்களை வைத்த பலகையைப் பார்த்தேன். தோள் வரைக்கும் கரைந்து ஒரே மேடாகக் கிடந்தார்கள். மேல் வரிசையில் ஒருவருக்கு மட்டும் தலை மிச்சம். விரல் வைத்தேன், அதுவும் வழுக்கிக்கொண்டு சேற்றோடு போய்விட்டது. நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அன்னக்கூடையை எடுத்துவந்து அள்ள ஆரம்பித்தேன். சாக்கடைத் தண்ணீர் கலந்த மண், உண்மைதான். வெயில் வந்ததும் மொட்டை மாடியில் காயவைத்து, இடித்து, சலித்து, அந்தத் தை மாதமே அதில் தசாவதார செட் போட்டேன். அத்தனை நஷ்டத்தில் திரும்பி வந்தது அந்தச் சேறு ஒன்றுதான்.

இதையெல்லாம் மண் உசத்தி என்று சொல்ல எழுதவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கெடும். கெடும்போதுதான் அது என்ன என்று தெரியும்.

உன் மாமாவையே எடுத்துக்கொள். சினிமா பேனர் வரைந்த காலத்தில் காடா துணியை இழுத்து ஆணி அடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசுவார். அந்த நாற்றத்துக்கு நாங்கள் தெருமுனைக்கு ஓடிவிடுவோம். சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போடுவார்கள். ஒரு முகத்துக்கே ரெண்டு மூன்று துணி. ஒரு கண் மாமா போடுவார், இன்னொரு கண் அடுத்த துணியில் வேறொருத்தர். முழு முகம் எப்படி வந்திருக்கிறது என்று தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் வாசலில் சவுக்குக் கட்டையில் ஏற்றிக் கட்டின பிறகுதான் அவருக்கே தெரியும். கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே நீலம், கழுத்தில் பச்சை. கிட்டே போனால் பயமாக இருக்கும். எதிர் சாரியில் பஸ்ஸில் போகிறவனுக்கு அது கதாநாயகன். அவர் அந்த ஐம்பது அடி தூரத்துக்குத்தான் வரைந்தார்.

ஃப்ளெக்ஸ் வந்ததும் அது போச்சு. அதற்கு அழுது கட்டுரை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், மாமா அழவில்லை. ஷட்டர் எழுதினார், தேர்தலுக்குச் சுவர் எழுதினார், கோயில் கோபுரத்துக்கு எனாமல் அடித்தார். இப்போது ஒரு பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர் போட்டுக்கொண்டு இருக்கிறார். போய்ப் பார்த்தேன். திருவள்ளுவர் தாடிக்குக் கீழே அதே நீலம். கேட்டதற்கு, "அங்க நிழல் விழுதில்ல" என்றார். முப்பது வருஷப் பேனர் கையை விட்டுப் போகவில்லை.

நீ படித்த எழும்பூர் ஆர்ட் காலேஜைப் பற்றி நீ சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. ஹண்டர் என்ற டாக்டர் 1850-இல் அதை ஆரம்பித்தது நம்ம பக்கத்தில், பிராட்வேயில்தான் என்றாய். படம் வரைவதோடு நிற்காமல் மண்பாண்டம், ஓடு, செங்கல் செய்வதும் அங்கே பாடமாக இருந்தது என்றாய். ஆயாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம வேலைக்கு வெள்ளைக்காரன் சர்டிபிகேட் குடுத்தானா" என்று கேட்டாளே! அந்த காலேஜுக்குத் தலைவராக இருந்த ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினா உழைப்பாளர் சிலை, 1959-இல் வைத்தது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். காலேஜ் காவலாளியை நிற்கவைத்து உருவம் பிடித்தார் என்பார்கள். நீ வெண்கலத்தைப் பார்த்தாய், நான் முதுகைப் பார்த்தேன். அந்த முதுகு எனக்குத் தெரியும், காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுக்கிறவன் முதுகு.

பி.வி. ஜானகிராம் என்று ஒருவர், செம்புத் தகட்டைச் சாமிக்குக் கவசம் தட்டுகிற மாதிரி தட்டிச் சிற்பம் செய்தவர். உன் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும், இது கோயில் வேலையாச்சே, இதை மியூசியத்தில் வைக்கலாமா என்று கேட்டேன், நீ கோபித்துக்கொண்டாய். பெனிதா பெர்சியாலையும் நீதான் காட்டினாய். திருவண்ணாமலையில் பிறந்து, உன் காலேஜிலேயே படித்து, 2014-இல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் வேலை வைத்த பெண். குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள் எல்லாம் குழைத்து உருவம் செய்கிறார் என்றாய். எனக்கு உடனே நம்ம குடில் செட்டு மூன்று ராஜா ஞாபகம் வந்தது, குழந்தை இயேசுவுக்குப் பொன்னோடு குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தவர்கள்தானே. அவர்கள் கையில் நான் வருஷா வருஷம் தங்கக் கலர் அடித்த மண் டப்பியைத்தானே கொடுக்கிறேன். இந்தப் பெண் நிஜமாகவே வாசனையை வைத்துவிட்டாரே என்று இருந்தது. பாரிமுனையில் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போதெல்லாம் இப்போது அந்த ஞாபகம் வருகிறது. கண்ணால் பார்க்க வேண்டியதை மூக்கால் பார்க்க வைப்பது லேசா? எத்தனை தடவை விண்டு, எத்தனை தடவை பூஞ்சை பிடித்து அது கைக்கு வந்திருக்கும்!

அங்கே உங்கள் ஊரில் சொல்லிக்கொடுத்த ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன், நம்ம பிரசிடென்சி காலேஜில் படித்தவர் என்று நீதானே எழுதினாய். கேரளாக்காரர், பரோடாவில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர்க் கைவேலைக்காரர்களோடு சேர்ந்து பொம்மை செய்தார். சுடுமண்ணிலும் வேலை செய்தார். அவர் சொந்த ஊரிலிருந்து மண் வரவழைத்ததாக நீ எழுதவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மண் உன் ரத்தத்தில் இருக்கிறது என்று நீ அங்கே யாரிடமாவது சொல்லிவைத்திருந்தால், அது நிஜம் இல்லை பாப்பா. உனக்கு மண் தெரியாது. உனக்குத் தெரிந்தது கண். எட்டு வயசிலிருந்து பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷில் கண் திறந்தாய். நாள் முழுக்க வேலை செய்து நைனா கொண்டுவந்து அடுக்குவார், சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து நீ அரை மணியில் நாற்பது பொம்மைக்குக் கண் போடுவாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு, உன் மாதிரி யாராலும் முடியாது. ஆனால் ஒரு நாள்கூட நீ மண் மிதிக்கிற குழியில் இறங்கவில்லை. நான்தான் விடவில்லை. நீ ஒருநாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்து அடித்தேன், உனக்கு மறந்திருக்கலாம். காலில் சேற்றுப்புண்ணோடு நான் ஆறாங்கிளாஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். அது உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இன்றைக்கு அதே மண்ணை நீ கொரியரில் கேட்கிறாய். எனக்குச் சந்தோஷமா, கோபமா என்று புரியவில்லை.

அதனால் அனுப்புகிறேன். ஆனால் ஈரமண் அனுப்ப மாட்டேன், தண்ணீருக்கு எதற்கு கொரியர் காசு? காயவைத்து இடித்த கட்டியாக அனுப்புகிறேன். கூடவே ஆயாவின் சுடுமண் அச்சு ஒன்று, மயில் அச்சு. அதில் வால் பக்கம் கீறல் உண்டு, அழுத்திப் பிடிக்காதே. குன்றிமணி ஒரு பொட்டலமும் வைக்கிறேன், பிள்ளையாருக்குக் கண் வைக்க. உனக்குப் பிரஷ் இருக்கிறது, சரி, இருந்தாலும் வைக்கிறேன்.

பெரிய பிளாஸ்டிக் டப்பில் போட்டு, மண் மூழ்கி நாலு விரல் மேலே நிற்கிற அளவு தண்ணீர் ஊற்று. குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சுட்ட பிறகு மேலே வெள்ளையாகப் பூக்கும், எத்தனை சாயம் அடித்தாலும் தள்ளிக்கொண்டு வரும். மூன்று நாள் கலக்காமல் விடு. நாலாம் நாள் மேல் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய வேட்டியில் வடிகட்டு. கெட்டியானதும் தரையில் சாக்கு விரித்துக் கொட்டி, செருப்பில்லாமல் ஏறி நில். குதிகாலால் மிதிக்க வேண்டும், ஓரத்திலிருந்து நடுவுக்கு. கல் குத்தினால் அந்த இடத்திலேயே குனிந்து எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி. காலுக்கடியில் கட்டி எதுவும் தட்டாமல் வெண்ணெய் மாதிரி ஆகும் வரைக்கும் நிறுத்தாதே. முதல் நாள் தொடை இரண்டும் கழன்றுபோகும். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டு படு.

செவ்வாய்க்கிழமை புக் பண்ணுகிறேன்.

அம்மா