ஞாயிற்றுக்கிழமை கிக்கரை மிதிக்காதே

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் இரண்டுக்கும் பதில் போடாமல் இருந்தது என் தப்பு. நேரில் வரும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். இப்போது அதற்கு நேரமில்லை.

பன்னிரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் உன் கைக்கு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை புது பெட்ரோல் ஊற்றி, இரண்டு பிளக்கையும் மாற்றி மிதித்துப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மிதிக்காதே. சாவியைக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்துவிட்டு இதை முழுவதும் படி. உனக்குப் பொறுமை கிடையாது என்பது மணிக்கும் தெரியும், துரை அண்ணனுக்கும் தெரியும். ஆறாவது கியர் போட்ட பிறகும் ஏழாவதைத் தேடிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் நீ.

என் பயமெல்லாம் பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டின் ஆயில் சீல் பற்றித்தான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது வெறும் பெட்டி இல்லை, ஒரு பம்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உறிஞ்சுகிறது, ஒருமுறை அழுத்துகிறது. கிராங்கின் இரண்டு முனைகளிலும் இருக்கிற ரப்பர் சீல்தான் அந்தக் காற்றைக் கட்டிவைக்கிறது. ஓடாமல் நிற்கிற வண்டியில் சீலின் உதடு காய்ந்து கல் போல ஆகிவிடும். ஷாஃப்டில் துரு பூத்திருந்தால் அந்த உதடு அதோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே கிக்கரை ஓங்கி மிதித்தால் முதல் மிதியிலேயே உதடு கிழிந்துவிடும். என்ஜின் ஸ்டார்ட் ஆகும், நன்றாகவும் ஓடும். அதுதான் ஆபத்தே.

இடது முனையில் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பாயிண்ட்டும் ஆல்டர்னேட்டரும் இருக்கின்றன, அந்த இடம் உலர்ந்த இடம். அங்கே சீல் போனால் கிராங்க் கேஸ் வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்றில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. இடது சிலிண்டர் மட்டும் லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து ஓடி, சூடேறி, ஒருநாள் நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் மேலேயே நின்றால் முதலில் இந்த சீலைச் சந்தேகப்படு. வலது முனை கிளட்ச் பக்கம். அங்கே சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை அடங்காது, வலது பிளக் எண்ணெயில் நனையும், கியர் பாக்ஸில் அளவு இறங்கிக்கொண்டே போகும். அழுத்தும் நேரத்தில் அதே ஓட்டை வழியாகக் கலவையும் கியர் பாக்ஸுக்குள் போவதால் அந்த ஆயிலை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வரும். புகையைப் பார்த்து ரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி, சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து போரிங் போட்டுவிட்டு, புகை நிற்காமல் தலையில் கைவைக்கிறவர்கள் நிறையப் பேர்.

சரி, ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டியது இது. பிளக் துவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணையெல்லாம் ஊதித் துடைத்த பிறகு இரண்டு பிளக்கையும் கழற்று. டார்ச் அடித்து உள்ளே பார். சிலிண்டர் சுவரில் சிவப்பாகக் கோடு தெரிந்தால் மேலே எதுவும் செய்யாதே, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றித்தான் ஆகவேண்டும். சுத்தமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 10 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே ஊறவிடு. மறுநாள் கிக்கரைத் தொடாதே. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டு. சுற்றினால் பிழைத்தோம்.

அடுத்தது சீலுக்கு ஆயில் கொடுப்பது. இந்த என்ஜின் 180 டிகிரி கிராங்க், ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே. பிளக் துவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டால் அது ஏறி இறங்குவதை வைத்தே பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும். இடது பிஸ்டன் அடியில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்திருக்கும். அப்போது விடுகிற ஆயில் நேராகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கி பேரிங்கையும் சீலையும் நனைக்கும். பிறகு அரைச் சுற்று உருட்டி வலதுக்கும் அதே மாதிரி.

அதற்கப்புறம் பிரஷர் டெஸ்ட். இதைச் செய்யாமல் பெட்ரோல் ஊற்றவே கூடாது. சைலன்சர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாய் இரண்டையும் இறுக்கினால் விரிகிற ரப்பர் அடைப்பான் வைத்து அடை. இன்லெட் ரப்பர் வாயில் அதே அளவுக்குக் கடைந்த உருண்டைக் கட்டையைச் செருகி கிளாம்ப் போடு. ஒரு பிளக் துவாரத்தில் பிளக், மற்றதில் கேஜ் வைத்த கைப்பம்பு. நடு சீல் லேபிரிந்த் வகை, ரப்பர் உதடு இல்லாமல் குறுகிய இடுக்கால் மட்டும் தடுப்பது என்பதால் காற்று அந்தப் பக்கமும் கசியும். அதனால் இரண்டு சிலிண்டரையும் சேர்த்தே அடைத்துத்தான் சோதிக்க முடியும். 6 பி.எஸ்.ஐ. வரை மட்டும் ஏற்று. அதற்கு மேல் போனால் நல்ல சீலையும் வெளியே தள்ளிவிடும். நிமிஷத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்குக் குறைவாக இறங்கினால் நல்லது. வேகமாக இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவு: ஹெட் பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங், இன்லெட் ரப்பர், இடது கவரைத் திறந்து சீலின் விளிம்பு. வலது சீலைக் கண்ணால் பார்க்க முடியாது. கியர் ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்புப் படலம் கட்டு. அது மெல்ல உப்பினால் காற்று வலது பக்கம்தான் போகிறது.

சீல் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து வெளியிலிருந்து தட்டிச் செருகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இந்தக் கேஸ் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று படுக்கைவாட்டில் பிரிகிறது. பிரித்து, கிராங்கோடு சேர்த்து உட்காரவைத்தால்தான் சீல் நேராக உட்காரும். என்ஜினை இறக்கிவிட்டாய் என்றால் நாலு மெயின் பேரிங்கையும் பார்த்துவிடு. சும்மா கிடந்த வண்டியில் ஈரம் அடியில்தான் தங்கும், பேரிங் குண்டில் புள்ளி விழுந்திருக்கும். சீல் வாங்கும்போது வைட்டான் என்கிற, எரிபொருளைத் தாங்கும் ரப்பரில் கேட்டு வாங்கு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வகை ரப்பரை அது உப்பவைக்கும்.

அந்தப் பெட்ரோல் இன்னொரு விதத்திலும் வினை. சுத்தமான பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று போதும், எத்தனாலுக்கு 9 பங்குதான் தேவை. இரண்டும் கலந்தால் கணக்கு சுமார் 13.5க்கு வந்து நிற்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் அதேதான், ஆனால் அதன் வழியாக வருகிற எரிபொருள் முன்பைவிட அதிகமாக இருக்கவேண்டும் என்று என்ஜின் கேட்கிறது. அதாவது 80களில் சரியாக இருந்த ஜெட் இன்றைக்கு லீன். காற்றில் குளிர்கிற இரட்டை சிலிண்டருக்கு இது விஷம். மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி ஆரம்பி. 140 இருந்தால் 145 போட்டால் சுமார் மூன்றரை சதவீதம் கூடும். பிறகு நாலாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் கொஞ்ச தூரம் போய், கிளட்ச்சைப் பிடித்து அதே நொடியில் சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார். நுனியின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. பீங்கான் உள்ளே போய் முடிகிற அடிவட்டத்தில் ஒரு மெல்லிய கருவளையம் இருக்கவேண்டும். அங்கே சுத்த வெள்ளையாக இருந்தால் இன்னும் ஏற்று. பிளக் என்.ஜி.கே. பி8ஹெச்எஸ். சீக்கிரம் கருக்கிறது என்று சூடான நம்பருக்கு மாறாதே.

டேங்க்கை மறந்துவிடாதே. எத்தனால் பழைய பிசினையும் துருவையும் கரைத்துக் கொண்டுவந்து முதலில் ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டின் ஊசிமுனைத் துவாரத்தை அடைக்கும். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு ராத்திரி நிரப்பிவை. காலையில் கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே உலர்த்தி, கொஞ்சம் 2டி ஆயிலை விட்டு உருட்டு. உலர்த்தத் தாமதித்தால் கண்ணெதிரே மஞ்சள் துரு பூக்கும். உள்ளே ஏற்கெனவே யாராவது ரெசின் பூசியிருந்தால் அது எத்தனாலில் உரிந்து வரும், டார்ச் அடித்துப் பார்.

என்ஜினுக்குத் தானே ஆயில் கொடுக்கிற ஆயில் பம்பை நம்பாதே, குறைந்தது முதல் டேங்க்குக்கு. இத்தனை வருஷத்தில் குழாயெல்லாம் காற்றுதான் இருக்கும். பம்பின் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாத ஆயில் வரும்வரை விடு. சிலிண்டருக்குப் போகிற இரண்டு மெல்லிய குழாயிலும் ஆயில் முழுசாக நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை டேங்க்கிலும் லிட்டருக்கு 40 மில்லி 2டி கலந்துகொள். பம்பின் மினிமம் ஸ்ட்ரோக் 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடு, தேய்ந்த பம்பில் இது மாறியிருக்கும். டேங்க்கில் கலக்கிற ஆயில் பெட்ரோலின் இடத்தைத்தான் பிடிக்கிறது என்பதையும் ஞாபகம் வை. புகை கூடினாலும் கலவை லீன் பக்கம்தான் சாயும். எத்தனை பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கூடுதல் ஆயில் ஊற்றி, ஜெட்டைக் குறைத்து, என்ஜினைப் பிடிக்கவைத்திருக்கிறார்கள்!

டைமிங் உனக்குத் தெரிந்ததுதான். பாயிண்ட் இடைவெளி 0.35, இரண்டு பக்கமும் பிஸ்டன் உச்சியைத் தொட 2.0 மில்லிமீட்டர் முன்னால், டயல் கேஜ் வைத்து. முதலில் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். இந்த வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. பாயிண்ட்டின் குதி தேயத்தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்னால் போகும். அதனால் புது பாயிண்ட் போட்டால் 500 கிலோமீட்டரில் ஒருமுறை பார். இடைவெளி வைத்தது நிற்காமல் தினம் ஒரு அளவு காட்டினால் பாயிண்ட்டைத் திட்டாதே, இடது மெயின் பேரிங் ஆடுகிறது.

ஹெச்.டி.யா (ஹை டார்க்) எல்.டி.யா (லோ டார்க்) என்று எழுதவில்லையே? ஜப்பானில் 39 குதிரைத்திறனோடு பிறந்த வண்டி, 1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே கொண்டுவந்தபோது 30.5 ஆனது, மைலேஜ் கேட்டவர்களுக்காக 27க்கும் இறக்கினார்கள். முன் டிஸ்க்கும் போய் டிரம் வந்தது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த டிரம்மைச் சரியாக வைத்தால் நன்றாகவே பிடிக்கும். இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். இணைப்புக் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, முதல் ஷூ தொடும் இடத்தைச் சக்கரம் சுற்றிப் பார்த்து, இரண்டாவதும் அங்கேயே தொடும்படி கம்பியின் நீளத்தை மாற்று. ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும் வண்டிகள்தான் பிரேக்குக்குப் பெயரைக் கெடுத்தவை. ஸ்விங் ஆர்ம் புஷ் ஒரிஜினல் பிளாஸ்டிக்காக இருந்தால் வெண்கலத்தில் கடைந்து போட்டுவிடு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் தெரியும். வளைவில் வண்டி நெளிவதற்கு டயரை மாற்றி மாற்றிப் பணம் போகும், குற்றவாளி அந்தப் புஷ்தான்.

இதெல்லாம் எழுதும்போது அந்தச் சத்தம் காதில் வந்து நிற்கிறதடா. நிமிஷத்துக்கு 4000 சுற்று வரை இரண்டு சைலன்சரும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி. ஐயாயிரத்தைத் தாண்டியதும் இரண்டும் ஒரே குரலாகி, ஹேண்டில் கையில் லேசாகி, முன் சக்கரம் தரையைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாது. சோழவரம் ரேஸில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, காஸ்டர் ஆயில் புகையில் கண் எரிய எரிய நாம் கேட்டது அந்தக் குரலைத்தான். அது மறுபடி உன் வீட்டு வாசலில் கேட்கப்போகிறது என்பதால்தான் இவ்வளவு வேண்டுகிறேன். ஒரு தடவை இடது பிஸ்டன் போனால் 64 மில்லிமீட்டர் சிலிண்டர் 64.25க்குப் போகும், அப்புறம் 64.50. ஒவ்வொரு போரிங்கும் அந்த இரும்பின் ஆயுளிலிருந்து ஒரு துண்டு. நாலு தடவைக்கு மேல் அதில் இடமில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு ஒன்று மட்டும். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். பிடிக்கும் முன் சத்தம் ஒரு சுருதி இறங்கும், யாரோ பின் பிரேக்கை மெதுவாக அமுக்கின மாதிரி இருக்கும். அந்தக் கணமே கிளட்ச்சைப் பிடி. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டே இறங்காதே, பம்பும் அப்போது ஆயிலைக் குறைத்துவிடும். நடுநடுவே ஒரு முறுக்கு கொடு.

மணி கார்புரேட்டர் ஸ்லைடு இரண்டையும் சமமாக வைத்துத் தருவதாகச் சொன்னான், அவனிடம் விடு, அவன் காது நல்ல காது. துரை அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்.

பிளக் கழற்றும்போது இடதையும் வலதையும் கலந்துவிடாமல் குறித்துவை. 6 பி.எஸ்.ஐ.யிலிருந்து ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு இறங்கியது என்று திங்கட்கிழமையே எழுது. வலது பக்கம் கசிந்தால் சொல், என்னிடம் ரப்பர் அடைப்பானும் டயல் கேஜும் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ரகு